8 டாலர் பென்ஷனுக்கு யார் சாட்சி?

உங்களுக்குக் கல்யாணம் ஆனதுக்கு என்ன ஆதாரம்னு யாராவது கேட்டா என்ன காட்டுவீங்க? பத்திரிகை, போட்டோ ஆல்பம், ரேஷன் கார்டு, ரிஜிஸ்டர் ஆபீஸ் சர்டிபிகேட்... ஏதாவது ஒண்ணு தேறும். இது எதுவுமே இல்லைன்னு வச்சுக்கங்க. அதுக்கும் மேல, "உன் கல்யாணம் கல்யாணமே இல்ல"ன்னு சட்டமே சொல்லுதுன்னு வச்சுக்கங்க. புருஷன் போர்ல செத்துட்டார். அரசாங்கம் பென்ஷன் தரேங்குது. அதே மூச்சுல சர்டிபிகேட் எங்கேன்னும் கேக்குது.

அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-65) பத்தி எழுதுறவங்க எல்லாரும் லிங்கன், கெட்டிஸ்பர்க்னு போயிடுவாங்க. எனக்கு என்னமோ போர் முடிஞ்சப்புறம் நடந்த இந்தக் காகிதச் சண்டைதான் மனசுல ஒட்டிக்கிச்சு.

முதல்ல திட்டம் என்னன்னு பார்த்துடலாம். 1862 ஜூலை 14-ல வடக்கு அரசாங்கம் புதுசா ஒரு பென்ஷன் சட்டம் போட்டுச்சு. செத்துப்போன சாதாரண சிப்பாயோட மனைவிக்கு மாசம் 8 டாலர். லெப்டினன்ட் கர்னலும் அதுக்கு மேலயும்னா 30 டாலர். மனைவி இல்லைன்னா 16 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கு, அதுவும் இல்லைன்னா மகனை நம்பி இருந்த தாய்க்கு. மறுமணம் செஞ்சா பென்ஷன் கட். அப்போ வெள்ளைக்காரச் சிப்பாயோட சம்பளமே மாசம் 13 டாலர்தான், அதனால 8 டாலர்ங்கிறது ஒரு குடும்பத்துக்கு உயிர்க்காசு.

சட்டம் எழுதினப்போ கறுப்பினச் சிப்பாய்கள் கணக்குலயே இல்ல. அவங்களைப் பெரிய அளவுல சேர்க்க ஆரம்பிச்சது 1863-ல தான். போர் முடியறதுக்குள்ள சுமார் 1,80,000 பேர் சேர்ந்துட்டாங்க. பெரும்பாலானவங்க அடிமை மாநிலங்கள்ல இருந்து வந்தவங்க. இங்கதான் சிக்கல். திருமணம்ங்கிறது ஒரு ஒப்பந்தம், அடிமையால ஒப்பந்தம் செய்ய முடியாது, அதனால அடிமைக்குத் திருமணமும் கிடையாது. இதுதான் தெற்கு மாநிலச் சட்டங்களோட லாஜிக். துடைப்பத்தைத் தாண்டிக் குதிச்சு கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க உண்டு, எஜமானோட அனுமதியில பாதிரியார் முன்னாடி நின்னவங்க உண்டு. இருபது வருஷம் குடும்பம் நடத்தி பத்துப் பிள்ளை பெத்தாலும் சட்டத்துக்கு அவங்க புருஷன் பொண்டாட்டி இல்ல. எஜமானுக்குப் பணமுடைன்னா ஒருத்தரை இங்க, ஒருத்தரை அங்கன்னு வித்துடலாம்.

1864 ஏப்ரல் 12. டென்னஸியில மிசிசிப்பி ஆத்தங்கரையில ஃபோர்ட் பில்லோன்னு ஒரு கோட்டை. தெற்குப் படை அதைப் பிடிச்சப்போ, சரணடைஞ்ச கறுப்பினச் சிப்பாய்கள் நிறைய பேரைக் கொன்னு போட்டாங்க. கோட்டைத் தளபதி மேஜர் லயனல் பூத்தும் அன்னிக்கு செத்துப்போனார். அவர் வெள்ளைக்காரர். மனைவி மேரி பூத் வாஷிங்டன் போய் லிங்கனையே பார்த்தாங்க. அந்தம்மாவோட கல்யாணத்துக்குத் தாராளமா ஆதாரம் இருந்திருக்கும். ஆனா அவங்க பேசினது புருஷனோட சேர்ந்து செத்த கறுப்பினச் சிப்பாய்களோட குடும்பங்களுக்காக. லிங்கன் மே 19-ம் தேதியே செனட்டர் சார்ல்ஸ் சம்னருக்கு ஒரு கடுதாசி எழுதினார். அந்தத் திருமணங்கள் சட்டப்படி நடந்திருந்தா எப்படியோ, அப்படியே நினைச்சு அந்தக் குடும்பங்களுக்கும் செய்யணும்னு. ஒண்ணரை மாசத்துல, ஜூலை 4-ம் தேதி, சட்டம் திருத்தப்பட்டுச்சு. அரசாங்கம் இவ்வளவு வேகமா நகர்ந்து நான் பார்த்ததில்ல!

புது விதி இதுதான்: பட்டாளத்துல சேர்றதுக்கு முன்னாடி குறைஞ்சது 2 வருஷம் கணவன் மனைவியா வாழ்ந்தாங்கன்னு நம்பத்தகுந்த சாட்சிகள் அஃபிடவிட் கொடுத்தாப் போதும், சர்டிபிகேட் வேண்டாம். ஆனா விண்ணப்பிக்கிற பெண் அடிமையா இருக்கக்கூடாதுன்னு ஒரு வால் வேற! புருஷன் அமெரிக்காவுக்காகச் செத்திருப்பான், பொண்டாட்டி இன்னும் எவனோட சொத்தாவோ இருந்தா பென்ஷன் இல்ல. 1866-ல இந்த 2 வருஷக் கணக்கையும் எடுத்துட்டாங்க. அவங்களுக்குக் கட்டுப்பாடா தோணின ஏதோ ஒரு சடங்கு நடந்து சேர்ந்து வாழ்ந்திருந்தாலே போதும்னு ஆச்சு.

ஏட்டுல பார்த்தா அந்தக் காலத்துக்கு இது ரொம்பப் பெரிய மனசு. நடைமுறையிலதான் இழுத்தடிப்பு.

சாட்சி யார்? பக்கத்துக் குடிசைக்காரங்க, பிரசவம் பார்த்த மருத்துவச்சி, புருஷனோட ரெஜிமெண்ட்ல இருந்தவங்க. சில கேஸ்ல, பழைய எஜமான்! இது கல்யாணமே இல்லைன்னு சொன்ன சட்டத்தோட பலனை அனுபவிச்ச அதே ஆள் வந்து, "ஆமா, இவங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டிதான்"னு கையெழுத்துப் போடணும். பிள்ளைகளோட வயசுக்கு ஆதாரம் வேணும்னா, எஜமான் வீட்டுக் கணக்குல எழுதி வச்சிருந்த பிறந்த தேதி. ஆடு மாடு கணக்கோட கணக்கா எழுதினது, கடைசியில பென்ஷன் ஆதாரமா வந்து நின்னுச்சு.

அடுத்தது பேர் பிரச்சனை. அடிமையா இருந்தப்போ எஜமானோட குடும்பப் பேர். பட்டாளத்துல ஒரு பேர். விடுதலைக்கு அப்புறம் அப்பன் பேரையோ தனக்குப் பிடிச்ச பேரையோ வச்சுக்கிட்டாங்க. மூணும் ஒரே ஆள்தான்னு நிரூபிக்கணும். (நம்ம ஊர்ல "இன்னாரும் இன்னாரும் ஒருவரே"ன்னு சர்டிபிகேட் வாங்க தாலுகா ஆபீஸுக்கு அலைஞ்சவங்களுக்கு இந்த வலி சொல்லாமலே புரியும்.)

சந்தேகம் வந்தா பென்ஷன் பீரோ தனி விசாரணை அதிகாரியை ஊருக்கே அனுப்பும். அவர் அந்தப் பொண்ணைக் கேப்பார், அக்கம்பக்கத்தைக் கேப்பார். அதுக்கு முன்னாடி யாரோட இருந்தே, இப்போ வீட்டுக்கு யார் வந்து போறாங்க... 1882-ல இன்னொரு சட்டம் வந்துச்சு. மறுமணம் செய்யாம வேற ஆணோட வெளிப்படையா வாழ்ந்தாலும் பென்ஷன் போயிடும். வெள்ளைக்காரப் பெண்களுக்கும் இதே சட்டம்தான், ஆனா எந்த வீட்டுக் கதவு அதிகம் தட்டப்பட்டிருக்கும்னு யூகிக்கப் பெரிய மூளை தேவையில்ல. டொனால்ட் ஷாஃபர்ங்கிற வரலாற்று ஆய்வாளர் மாதிரிக் கோப்புகளை எடுத்து எண்ணிப் பார்த்தார். வெள்ளைக்கார விதவைகள்ல சுமார் 84 சதவீதம் பேருக்குப் பென்ஷன் கிடைச்சிருக்கு, கறுப்பின விதவைகள்ல சுமார் 61. சட்டப் புத்தகத்துல ரெண்டு பேருக்கும் ஒரே வரிதான்!

ஹாரியட் டப்மன் தெரியுமில்லையா? அடிமைகளை ராத்திரி ராத்திரியா வடக்குக்குத் தப்ப வச்ச வீராங்கனை. போர்ல நர்ஸாவும் உளவாளியாவும் வேலை பார்த்தவர். அவரோட ரெண்டாவது கணவர் நெல்சன் டேவிஸ் முன்னாள் சிப்பாய், 1888-ல இறந்தார். 1890-ல வந்த தாராளமான புதுச் சட்டத்துல டப்மன் விண்ணப்பிச்சார். இவங்க கல்யாணம் 1869-ல நியூயார்க் மாநிலத்துல முறைப்படி நடந்தது. அப்பவும் விடலையே! கணவர் பட்டாளத்துல சேர்ந்தது நெல்சன் சார்ல்ஸ்ங்கிற பேர்ல. ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிரூபி. முதல் புருஷன் செத்தப்புறம்தான் இந்தக் கல்யாணம் நடந்ததுன்னு நிரூபி. நாடே அறிஞ்ச பெண்ணுக்கே அஞ்சு வருஷம் ஆச்சு. 1895-ல கிடைச்சது மாசம் 8 டாலர். அதுவும் சிப்பாயோட மனைவிங்கிற முறையில, தான் பார்த்த வேலைக்கு இல்ல. 1899-ல காங்கிரஸ் தனியா சட்டம் போட்டு 20 டாலர் ஆக்குச்சு.

இதுல ஒரு விசித்திரம் இருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்கள் சொன்னதை அதிகாரிங்க வரி விடாம எழுதி, கீழ பெருக்கல் குறி போடச் சொல்லி வாங்கிக்கிட்டாங்க. யாரோட வீட்ல வேலை செஞ்சேன், எந்த வருஷம் என் அம்மாவை வித்தாங்க, எந்தத் தோட்டத்துல அவரைப் பார்த்தேன், எங்க கல்யாணத்துக்கு யார் யார் வந்தாங்க... எல்லாம் அதுல இருக்கு. அந்தக் கோப்புகள் இன்னிக்கும் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்துல பத்திரமா இருக்கு. கொள்ளுப்பாட்டி பேரைத் தேடிப் போற கறுப்பின அமெரிக்கர்கள் மொதல்ல கேக்கிறது அந்தக் கட்டுகளைத்தான். பென்ஷன் மறுக்கப்பட்டவங்களோட கோப்புதான் பல சமயம் தடிமனா இருக்கும்.

கொசுறு: இந்தப் போருக்கான கடைசி பென்ஷன் எப்போ நின்னுச்சு தெரியுமா? 2020-ல. ஒரு சிப்பாய்க்கு வயசான காலத்துல பிறந்த மகள் மாசம் 73.13 டாலர் வாங்கிட்டு இருந்தாங்க. அந்த வருஷம்தான் இறந்தாங்க.