பால்மரக் காடும் பந்தயத் தடமும்

கேமரன் மலையின் உச்சியில் தேயிலை, அடிவாரத்தில் கித்தா என்னும் ரப்பர். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறும் சாலைதான் இரண்டையும் இணைக்கிறது. ரப்பர் மரத்துக்கு வெக்கையும் தாழ்நிலமும் வேண்டும். 1,400 மீட்டருக்கு மேலுள்ள குளிரில் அது செழிப்பதில்லை. அதனால்தான் 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தோட்ட அனுபவம் பெற்ற ஏ. பி. மில்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு மலைமேல் 'போ' தோட்டத்தைத் தொடங்கியபோது தேயிலையை நட்டார். ஒரு நீராவி ரோலர், சில கோவேறு கழுதைகள், கூலிக்கு வந்த மனிதர்கள்: செங்குத்தான காட்டைத் தோட்டமாக்க அவரிடம் இருந்தவை இவ்வளவுதான். மேலே கொழுந்து கிள்ளிய கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். கீழே விடியுமுன் எழுந்து, பால் ஏந்தும் மங்கு துடைத்து, பால் வெட்டியவையும் அவையே.

அந்தப் பால்தான் டயர் ஆனது. 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் நாற்றுகளில் சில பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி கண்டறிந்தார். காப்பியை நம்பியிருந்த தோட்டக்காரர்கள் முதலில் அவரைப் பைத்தியக்காரன் என்றார்கள். மோட்டார் கார் பெருகியதும் அதே தோட்டக்காரர்கள் அவரிடம் விதை கேட்டு வந்தார்கள். கப்பல் கப்பலாகத் தமிழர்கள் கங்காணிகளின் கீழ் மலாயாவுக்கு வந்து இறங்கியது அந்த விதைகளுக்குப் பின்னால்தான். அந்நாட்களில் உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் காரை வேகமாக ஓட்டி மகிழ்ந்திருந்தால், அவர் தேய்த்துத் தீர்த்தது பேராக்கிலோ சிலாங்கூரிலோ ஒரு தமிழ்க் குடும்பம் விடியற்காலையில் சேர்த்த பாலாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு டயரின் அருமை தெரியும். கேமரன் மலையில் இன்றும் பழைய லேண்ட் ரோவர்கள் காய்கறி மூட்டைகளோடு ஏறி இறங்குகின்றன. ஒரே இடத்தில் இத்தனை லேண்ட் ரோவர்கள் நாட்டில் வேறெங்கும் இல்லை என்று மலேசிய சாதனைப் புத்தகமே பதிந்திருக்கிறது. சேற்றுப் பாதையில் கட்டை டயர், தார்ச்சாலையில் தேயும் டயர், இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்கச் சூடேறும் முன்சக்கரம் என இந்த வண்டிகளின் செலவுக் கணக்கில் டயருக்குத் தனி இடம் உண்டு. மலேசியாவில் 'தாயார் செலுப்' என்று சொல்லப்படும் பட்டை ஒட்டிய டயர் லாரிக்காரர்களின் வரவு செலவைக் காப்பாற்றிய பொருள்.

பிழைப்புக்காக ஓட்டுபவரின் கணக்கு இது. ஆசைக்காக ஓட்டுபவருக்கும் இதேபோல ஒரு கணக்கு உண்டு. அதன் வரலாற்றைத் தேடினால் வழி கடல் கடந்து சென்னைக்கு வடக்கே, சோழவரத்துக்குப் போய்ச் சேர்கிறது.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதற்கு முன்பே மலாயா விழுந்திருந்தது. டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தீவுகளும் விரைவில் விழுந்தன. உலகத்தின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதி சில மாதங்களுக்குள் நேச நாடுகளின் கையை விட்டுப் போனது. அமெரிக்காவில் போர்க்காலத்தில் முதன்முதலாகப் பங்கீட்டுக்கு வந்த பொருள் சர்க்கரையோ பெட்ரோலோ அல்ல, டயர்தான். இந்தியாவிலும் டயர் பங்கீட்டுப் பொருள் ஆனது. அந்த ஏப்ரலில் ஜப்பானியர் வருகிறார்கள் என்று சென்னை நகரமே காலியானது. தென்னிந்தியாவில் பேருந்துகள் நிற்காமல் இருக்க டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் கரிவாயுக் கருவிகளைச் செய்து கொடுத்தது. பெட்ரோலுக்குப் பதில் கரியை எரிக்கலாம். ரப்பருக்குப் பதிலாக எதை மாட்டுவது? தேய்ந்த டயரைச் சுரண்டி, மேலே புதுப் பட்டை வைத்து, அச்சில் போட்டு வேகவைக்கும் ரீட்ரெடிங் தொழில் அந்தப் பஞ்சத்தில்தான் ஊன்றிக்கொண்டது.

அதே போருக்காகச் சென்னையைச் சுற்றி விமானத் தளங்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் ஒன்று செங்குன்றத்தைத் தாண்டி, கொல்கத்தா சாலைக்குப் பக்கத்தில் இருந்த சோழவரம். போர் முடிந்தது, விமானங்கள் போயின, ஓடுதளம் மிஞ்சியது. பந்தயத் தடம் கட்டப் பணமில்லாத தேசத்தில் இதைவிடப் பெரிய கொடை வேறில்லை. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன் பிறந்ததும் இப்படி ஒரு போர்க்கால விமானத் தளத்தில்தான்.

1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவர் இந்து சந்தோக். பின்னாளில் அவருடைய பேரன் கருண் ஃபார்முலா ஒன் வரை போனார். கிளப்பில் இருந்தவர்கள் வியாபாரிகள், மில் முதலாளிகளின் பிள்ளைகள், பொறியாளர்கள், மெக்கானிக்குகள். பந்தயம் ஓட்டிச் சம்பாதித்தவர் எவருமில்லை, எல்லோரும் செலவழித்தவர்களே. அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு இந்தியாவில் கார்ப் பந்தயம் என்றால் சோழவரம். ஆண்டின் தொடக்க மாதங்களில் பந்தயம் நடக்கும் நாட்களில் சென்னையிலிருந்து கூட்டம் கூட்டமாக மக்கள் வடக்கே போனார்கள்.

தடத்தில் ஓடியவை பெரும்பாலும் தெருவில் ஓடிய கார்களே. அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு: உள்நாட்டில் செய்யப்பட்டவை அவ்வளவுதான். வெளிநாட்டுக் காரோ உதிரிப்பாகமோ வேண்டுமென்றால் இறக்குமதி உரிமம் வேண்டும், அதற்கு மேல் சுங்கவரி. வசதி படைத்த சிலர் அதையும் தாண்டினார்கள். 1980-களில் விஜய் மல்லையா பழைய என்சைன் ஃபார்முலா ஒன் கார் ஒன்றைச் சோழவரத்தில் ஓட்டியது இன்றும் பேசப்படுகிறது. மற்றவர்கள் உள்ளூர் எஞ்சினைப் பிரித்து, துளைத்து, சொந்தமாகச் சட்டம் பற்றவைத்து வண்டி செய்தார்கள்.

எஞ்சினைக் கைத்திறமையால் மாற்றலாம், சேஸிஸைப் பட்டறையில் வளைக்கலாம். டயரை மட்டும் யாராலும் வீட்டில் செய்ய முடியாது. சொந்தக் காசில் ஓட்டும் பந்தயக்காரரின் செலவில் இரக்கமற்ற பகுதி இதுதான், அன்றும் இன்றும். சாலையில் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடக்கூடிய டயர், தடத்தில் சில நூறு கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். நீண்ட நேர்வழி, அதன் கடைசியில் கடும் பிரேக், உடனே கூர்மையான திருப்பம் என்பதுதான் விமான ஓடுதளத் தடங்களின் இயல்பு. டயரைத் தின்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. அன்றைய டயர்கள் குறுக்கு இழை டயர்கள். பக்கச்சுவரும் மேல்பட்டையும் சேர்ந்தே நெளியும். நெளிய நெளியச் சூடேறும். சூடேறினால் ரப்பர் மென்மையாகி உதிரும். பக்கச்சுவரும் மேல்பட்டையும் தனித்தனியே இயங்கும் ரேடியல் டயரை ஜே. கே. டயர் நிறுவனம் இந்தியாவில் கொண்டுவந்தது 1977-இல்தான். ரீட்ரெடிங் இங்கே கைகொடுக்காது. பேருந்தின் வேகத்துக்குப் பொருந்தும் ஒட்டுப்பட்டை பந்தய வேகத்தின் சூட்டில் பிரிந்து பறக்கும், உயிருக்கே ஆபத்து.

ஆனாலும் அந்த ஒட்டுப்பட்டைத் தொழில் வேறொரு வழியில் பந்தயத்துக்கு உதவியது. 1946-இல் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கினார். 1952-இல் அவர் ரீட்ரெடிங்குக்கான பட்டை ரப்பருக்கு மாறினார். அந்தச் சந்தையில் அப்போது வெளிநாட்டு நிறுவனங்களே கோலோச்சின. சில ஆண்டுகளிலேயே அவர் அவற்றை முந்தினார். 1961-இல் அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்துகொண்டு முழு டயர் செய்தார். இதுவே எம்.ஆர்.எஃப், அதாவது மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி. ரப்பரை எதோடு எவ்வளவு கலந்தால் எவ்வளவு நாள் தேயாமல் தாங்கும் என்ற அறிவு சென்னையின் வடபகுதியிலேயே விளைந்தது. சோழவரத்துக்கும் திருவொற்றியூருக்கும் தூரம் அதிகமில்லை. பின்னாளில் எம்.ஆர்.எஃப் தானே பந்தயப் பிரிவு தொடங்கி, தடத்துக்கென்றே டயர் செய்தது. இந்தியப் பந்தயத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் ஓட்டுநர்களின் பெயர்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தக் கலவை அறைகளுக்கும் அதில் சமபங்கு உண்டு.

செலவைக் குறைக்க உண்மையான வழியைக் கண்டவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். தொழில் குடும்பத்தில் பிறந்தவர். தானே வேகமாக ஓட்டியவர். மற்றவர்களும் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 1988-இல் அவர் கொண்டுவந்த ஃபார்முலா மாருதி காரில் மாருதி 800-இன் சிறிய எஞ்சின்தான் இருந்தது. உதிரிப்பாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே வண்டி. பணத்தைக் கொட்டி ஒருவர் மற்றவரை முந்திவிட முடியாது. குறைந்த எடையும் குறைந்த குதிரைத்திறனும் உள்ள வண்டி டயரை மெதுவாகத்தான் தின்னும் என்பது இதில் கிடைத்த உபரி லாபம். ஒற்றை வகை வண்டி, ஒற்றை வகை டயர் என்ற விதி உலகெங்கும் தொடக்கநிலைப் பந்தயங்களைக் காப்பாற்றி வருகிறது. தமிழ்நாட்டில் அதன் பலனை எளிதாகக் காட்டலாம். 1992-இல் ஸ்ரீபெரும்புதூரில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் ஃபார்முலா மாருதியில் முதல் பந்தயம் ஓடினான். அவன் நாராயண் கார்த்திகேயன்.

அதற்குள் சோழவரத்தின் காலம் முடிந்திருந்தது. கிளப் தானே நிலம் வாங்கி, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் தடம் அமைத்து 1990-இல் பந்தயம் தொடங்கியது. அரசாங்கம் கட்டித் தந்த தடம் அல்ல, ஆசைக்காரர்கள் சேர்ந்து கட்டிக்கொண்டது. கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். 2003-இல் கோவை செட்டிப்பாளையத்தில் திறந்த தடத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: கரி மோட்டார் ஸ்பீட்வே.

டயரை மிச்சம் பிடிக்கும் கலைக்கு ஒரு தமிழ் ஓட்டுநர் உலக மேடையில் தேர்வு எழுதியது 2005-இல். அந்த ஆண்டு ஃபார்முலா ஒன் விதி, தகுதிச் சுற்றையும் முழுப் பந்தயத்தையும் ஒரே தொகுப்பு டயர்களில் ஓட வேண்டும் என்றது. ஜூன் 19 அன்று இண்டியானாபொலிஸில் மிஷலின் டயர்கள் சரிவான வளைவின் அழுத்தத்தைத் தாங்காது என்று தெரிந்து, அவற்றில் ஓடவிருந்த 14 கார்கள் அணிவகுப்புச் சுற்றோடு விலகின. பிரிட்ஜ்ஸ்டோன் மாட்டிய ஆறு கார்களே ஓடின. ஜோர்டன் அணியின் நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார். போட்டி குறைவாக இருந்தது என்று சிலர் இன்றும் அதைச் சிறுமைப்படுத்துகிறார்கள். டயரைக் கடைசிச் சுற்றுவரை பிழைக்க வைப்பதும் ஓட்டுநரின் வேலைதான் என்பதை அவர்கள் மறக்கிறார்கள்.

இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் செட்டிப்பாளையத்திலும், மலேசியாவில் 1999-இல் திறந்த செப்பாங்கிலும், பந்தய உரிமம் இல்லாதவர்களும் சொந்த வண்டியைக் கொண்டுவந்து ஓட்டும் நாட்கள் உண்டு. செப்பாங்கின் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 திருப்பங்கள். கடிகார முள்ளின் திசையில் ஓடும் தடம் என்பதால் இடப்பக்க டயர்களுக்குச் சுமை கூடும். வெயிலில் தாரின் சூடு வேறு. அனுபவசாலிகள் செய்வது எளிய காரியங்களே. சூடானால் காற்றழுத்தம் ஏறும் என்பதால் தொடங்குமுன் அழுத்தத்தைக் குறைத்து வைத்து, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அளந்து சரிசெய்கிறார்கள். சில சுற்றுகள் விரட்டியதும் ஒரு சுற்றை மெதுவாக ஓட்டி டயரை ஆறவிடுகிறார்கள். வெளித்தோள் தேய்ந்தால் இடம் வலம் மாற்றுகிறார்கள், அல்லது டயரைக் கழற்றித் திருப்பி மாட்டுகிறார்கள். ஒரே திசையில்தான் சுழல வேண்டும் என்று குறியிட்ட டயருக்கு இது ஆகாது. பழைய டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களில் தயாரான வாரமும் ஆண்டும் பார்க்கிறார்கள். மேல்பட்டையில் பூ நிறைய இருந்தாலும் வயதான ரப்பர் கெட்டித்துப் போயிருக்கும், பிடிக்காது. மற்ற எதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்கக் கூடாது. இழை தெரியும் டயரோடு தடத்தில் இறங்குபவர் பக்கத்து வண்டிக்காரரின் உயிரையும் சேர்த்துப் பணயம் வைக்கிறார்.

சோழவரத்தில் வென்றவர்களின் பெயர்கள் கோப்பைகளில் பொறித்திருக்கின்றன. பிட்டில் குந்தி டயர் மாற்றியவர்கள், திருவொற்றியூர்க் கலவை அறையில் நின்றவர்கள், பேராக் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் எங்கும் பதிவாகவில்லை. இவர்களில் வயதானவர்கள் சிலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். சென்னை, கோவை, ஈப்போ வாசகர்கள் தங்கள் தெருவில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் இந்த ஆண்டே போய்ப் பேசுங்கள். பேசியதை ஒலிப்பதிவாகவாவது எடுத்து வையுங்கள்.