பிள்ளையின் வலியும் பெற்றோரின் சம்மதமும்

காது குத்தும்போது பிள்ளையைத் தாய்மாமன் மடியில் இருத்திப் பிடித்துக்கொள்வது நம் வழக்கம். அழுகை ஓயுமுன் வாயில் சர்க்கரை விழும். பிள்ளைக்கு வலிக்கும் என்பதை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். மயக்க மருந்தில்லாத காலத்தில் உறவின் மடியே அவர்களிடமிருந்த மருந்து.

மருந்து கிடைத்த பின்னரும் அவ்வலியை மருத்துவ உலகம் நம்ப மறுத்தது என்பதுதான் வரலாற்றின் விந்தை. 1846இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து அறுவைச் சிகிச்சை செய்து காட்டப்பட்டது. ஆயினும் பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது, மருந்தையும் தாங்காது என்ற எண்ணம் மேலும் 140 ஆண்டுகள் நீடித்தது.

1985இல் வாஷிங்டனில் குறைமாதத்தில் பிறந்த ஜெஃப்ரி லாசன் என்ற குழந்தைக்கு, தசைகளை அசையாமற் செய்யும் மருந்தை மட்டும் கொடுத்து இதய அறுவைச் சிகிச்சை செய்தனர். வலி நீக்கும் மருந்து கொடுக்கப்படவில்லை. சில வாரங்களில் குழந்தை இறந்தது. பின்னர் உண்மையறிந்த தாய் ஜில் லாசன் ஊரறியக் கேள்வி எழுப்பினார். 1987இல், ஆக்ஸ்போர்டில் பணியாற்றிய இந்திய மருத்துவர் ஆனந்தின் ஆய்வு, குறைமாதக் குழந்தைகளின் உடலும் வலியால் கடுமையாகப் பாதிக்கப்படுவதையும், வலிநீக்கி அதனைத் தணிப்பதையும் நிறுவியது. தாயொருத்தி உணர்ந்திருந்ததை அறிவியல் பின்னரே உறுதிசெய்தது.

இன்று பெற்றோரின் அச்சம் வேறு: மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமோ? மூன்று வயதுக்குட்பட்டோருக்கு நீண்ட நேரமோ பலமுறையோ கொடுப்பது குறித்து 2016இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. எனினும் கைக்குழந்தைக்கு ஒருமுறை, ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகக் கொடுப்பதால், ஐந்து வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு காணப்படவில்லை என 2019இல் வெளியான பன்னாட்டு ஆய்வு தெரிவித்தது.

இச்செய்தி அரநாயக்கத் தோட்ட லயத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாவனல்லைக்கோ கேகாலைக்கோ செல்லும் தாய்க்கு எம்மொழியில் போய்ச் சேரும்? எத்தனை மணி நேரம் பட்டினி போடவேண்டும், மயக்கத்தில் மூச்சைக் கவனிப்பவர் யார், கண்விழிக்கையில் தான் அருகில் இருக்கலாமா என்று அவள் கேட்டாகவேண்டும். விளங்காத தாளில் இடும் கையொப்பம் சம்மதமாகாது.

தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைக்கென இலங்கையில் 1872இலேயே சட்டம் வந்தது. தமிழும் அரசகரும மொழியென 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கூறியதோ, ஆனந்தின் ஆய்வு வெளிவந்த அதே 1987இல். பிள்ளையின் வலிக்கும் தாயின் மொழிக்கும் ஒரே ஆண்டில் அங்கீகாரம் கிடைத்தது. ஏட்டிலுள்ள அவ்விரண்டும் சிகிச்சை அறையின் வாசலில் ஒன்றுசேரவேண்டும்.