கையில் அகப்படாத எடுத்தல்: 'டேக்' என்னும் ஆங்கில வினையும் தமிழ் மாணவரும்

'டேக்' என்றால் 'எடு' என்று தொடக்கப் பள்ளியில் சொல்லித் தருகிறோம். 'டேக் த புக்' என்ற தொடருக்கு அது போதும். ஆங்கிலேயர் அந்த வினையை அன்றாடம் வழங்கும் இடங்களைப் பார்த்தால், புத்தகத்தையோ பேனாவையோ கையில் எடுப்பது அவற்றில் ஒரு சிறு பகுதிதான். 'டேக் எ லுக்' என்றால் பார்; 'டேக் எ வாக்' என்றால் உலாவு; 'டேக் எ டிசிஷன்' என்றால் முடிவு செய்; 'டேக் பிளேஸ்' என்றால் நிகழ். இவற்றில் எந்தக் கையும் எதையும் எடுக்கவில்லை. இந்த வெறுமையான பயன்பாட்டை விதிவிலக்காக ஒதுக்காமல், அதையே முதற்பாடமாக வைக்க வேண்டும் என்பது என் வாதம்.

இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தேறிய சொல். வைக்கிங்குகள் இங்கிலாந்தில் குடியேறியபின், அவர்களுடைய பழைய நார்சு மொழியின் 'டாகா' என்ற வினை பழைய ஆங்கிலத்தின் பிற்பகுதியில் எழுத்தில் தென்படத் தொடங்கியது. தொடுதல், பற்றுதல் என்பன அதன் தொல்பொருள். அதுவரை அந்த வேலையைச் செய்துவந்த 'நிமன்' என்ற ஆங்கில வினை மெல்ல வழக்கொழிந்தது. அதன் உறவான 'நேமென்' ஜெர்மன் மொழியில் இன்றும் வாழ்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி பொருள்களை அவை தோன்றிய கால வரிசையில் அடுக்குவது. சொல்லின் வரலாற்றை ஆராய்பவருக்கு அதைவிடச் சிறந்த முறை இல்லை. ஆனால் ஒரு சொல் வளர்ந்த வரிசையிலேயே அதைக் கற்க வேண்டும் என்ற கட்டாயம் மாணவருக்குக் கிடையாது.

இதை உணர்ந்து அகராதி செய்தவர் பர்மிங்காம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் சின்கிளேர். அவர் தலைமையில் 1980இல் தொடங்கிய கோபில்ட் திட்டம், நூல்களிலும் இதழ்களிலும் பேச்சிலும் வழங்கிய ஆங்கிலத்தைக் கணினியில் திரட்டி, அந்தத் திரட்டின் துணையோடு 1987இல் மாணவர் அகராதியை வெளியிட்டது. மிக அதிகமாக வழங்கும் வினைகளே தம் சொந்தப் பொருளை மிகுதியாக இழந்து நிற்பதைத் திரட்டு காட்டியது. 'டேக்', 'கிவ்', 'மேக்', 'ஹேவ்' ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. இவற்றில் தொடரின் பொருளைச் சுமப்பது பின்னால் வரும் பெயர்ச்சொல். காலத்தையும் எண்ணையும் காட்டுவதே வினையின் வேலை. டேனிய அறிஞர் ஓட்டோ யெஸ்பர்சன் 1940களிலேயே இவற்றுக்கு 'லைட் வெர்ப்' என்று பெயரிட்டிருந்தார். பொருட்கனம் குறைந்த வினை என்ற கருத்தில் இங்கே 'மென்வினை' என்கிறேன்.

தமிழ் மாணவருக்கு இது புதிய செய்தியே அன்று. நமக்குப் பசி எடுக்கிறது. யார், எதை எடுத்தார்கள்? கொட்டாவி விடுகிறோம், குறட்டை விடுகிறோம், சண்டை போடுகிறோம், அரட்டை அடிக்கிறோம். விடுதல், போடுதல், அடித்தல் ஆகியவற்றின் சொந்தப் பொருள் இவற்றில் எங்கும் இல்லை. ஏன் 'அரட்டை போடு' என்பதில்லை, ஏன் 'கொட்டாவி அடி' என்பதில்லை என்று கேட்டால் எந்தத் தமிழரும் காரணம் சொல்ல மாட்டார். ஆனால் தவறாகச் சொல்லவும் மாட்டார். எந்தப் பெயர் எந்த வினையோடு சேரும் என்பது வழக்கு. பெயரையும் வினையையும் சேர்த்தே கற்றதால்தான் நமக்கு அது பிசகுவதில்லை. ஆங்கிலத்துக்கு வரும்போது மட்டும் இந்த அறிவை மாணவரிடமிருந்து பறித்துவிட்டு, ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் என்று பட்டியல் கொடுக்கிறோம்.

அதன் விளைவு இருவகை. ஒன்று, தமிழ் வினை அப்படியே ஆங்கிலத்துக்குள் நுழைகிறது: கையெழுத்துப் 'போடுவதால்' சிலர் ஆங்கிலத்திலும் 'புட்' என்கிறார்கள்; தேர்வு 'எழுதுவதால்' 'ரைட் தி எக்ஸாம்' என்கிறார்கள். தேர்வுக்கு இங்கிலாந்தின் பொது வழக்கு 'டேக்' அல்லது 'சிட்'. இரண்டாவது, தமிழில் 'எடு' வராத இடங்களில் மாணவர் 'டேக்'கைத் தேடுவதே இல்லை. மருந்து சாப்பிடுகிறோம், பஸ்ஸில் போகிறோம், குழந்தையை அழைத்துக்கொண்டு போகிறோம், வேலை முடிய இரண்டு மணி நேரம் ஆகிறது. ஆங்கிலத்தில் இவை நான்குக்கும் 'டேக்' உண்டு. 'நேரம் பிடிக்கும்' என்று நாமும் சொல்கிறோம் என்பதை இங்கே ஆசிரியர் சுட்டினால் நன்மை உண்டு. பற்றுதலைக் குறிக்கும் வினையைக் காலச் செலவுக்கு ஆள்வதில் இரு மொழிகளும் ஒத்துப்போகின்றன.

ஓரிடத்தில் தமிழ் துணைசெய்யாது. பெயருக்கு முன் வரும் 'எ' என்ற சிறுசொல்லுக்கு ஈடானது நம்மிடம் கட்டாயமாக இல்லை. மென்வினைத் தொடர்களில் அது பொருளையே மாற்றும். 'டேக் பிளேஸ்' நிகழ்வைக் குறிக்கும். 'டேக் எ பிளேஸ்' ஓர் இடத்தைப் பெறுவதைக் குறிக்கும். 'டேக் கேர்', 'டேக் பார்ட்' ஆகியவற்றில் 'எ' வராது. 'டேக் எ லுக்', 'டேக் எ பிரேக்' ஆகியவற்றில் வந்தே தீரும். இதற்கு விதி வகுக்க முயல்வதில் பெரும்பயன் இல்லை. தொடரை 'எ'யோடோ 'எ' இல்லாமலோ முழுசாக மனத்தில் பதிய வைப்பதே வழி.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. பற்றுதல் என்ற அடிப்படைப் பொருளை விளக்கிவிட்டால் மற்றவை அதிலிருந்து தாமே விரியும் என்பர் சிலர். படித்து முடித்தபின் திரும்பிப் பார்ப்பவருக்கு அது உண்மையாகத் தோன்றும். முன்னோக்கிப் போகிறவருக்கு வழிகாட்டாது. பற்றுதலை மட்டும் அறிந்தவர், தவறு செய்வதற்கு 'மேக்' வரும், 'டேக்' வராது என்று எப்படி ஊகிப்பார்? குளிப்பதற்கு அமெரிக்கர் 'டேக் எ பாத்' என்பதையும் பிரிட்டானியர் பெரும்பாலும் 'ஹேவ் எ பாத்' என்பதையும் எந்த அடிப்படைப் பொருள் விளக்கும்?

சொல்லை அதன் கூட்டாளிச் சொற்களைக் கொண்டே அறிய வேண்டும் என்று லண்டனில் ஜே. ஆர். ஃபிர்த் 1950களில் எழுதினார். சின்கிளேரின் பணி அவர் வழி வந்தது. தமிழிலும் இதற்கு அடித்தளம் உண்டு. தற்காலத் தமிழை உண்மையான எழுத்து வழக்கிலிருந்து திரட்டி, எடுத்துக்காட்டுத் தொடர்களோடு 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி நம் பக்கத்து வினைக் கூட்டுகளுக்குச் சான்று தருகிறது. கோபில்ட் அகராதியையும் இந்த அகராதியையும் எதிரெதிரே வைத்துப் பள்ளி மாணவருக்கென ஓர் ஆங்கிலம்–தமிழ் அகராதி செய்ய மொழித்துறையினர் முன்வர வேண்டும். அதில் 'டேக்' பதிவு 'எடு' என்று தொடங்கக் கூடாது. 'டேக் எ லுக்: பார்' என்று தொடங்கட்டும்.