கோப்பின் பெயர் எங்கே உள்ளது?

திறந்திருக்கும் கோப்பிலிருந்து அதன் பெயரை அறிவது எளிதன்று. காரணம் வரலாற்றில் உள்ளது. 1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யுனிக்ஸில், கோப்பின் குறிப்பேட்டில் அளவும் உரிமையாளரும் உண்டு, பெயர் இல்லை. பெயரை அடைவு மட்டுமே, ஓர் எண்ணோடு சேர்த்து வைத்திருக்கும். ஆகவே ஒரு கோப்பிற்குப் பல பெயர்கள் இருக்கலாம். பெயர் நீக்கப்பட்ட பின்னும் திறந்த கோப்பு வாழலாம்.

நமக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. 1985இல் முத்து நெடுமாறன் மலேசியாவில் முரசு மென்பொருளை உருவாக்கினார். ஆயினும் ஒருங்குறி பரவும்வரை தமிழில் குறிமுறைகள் பல. ஒரு கணினியில் தமிழில் இட்ட பெயர், மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது.

எனவேதான் கிள்ளானில் என் மாணவர்களிடம் வலியுறுத்துகிறேன்: கட்டுரையின் தலைப்பையும் உங்கள் பெயரையும் கோப்பின் உள்ளேயே முதல் வரியில் எழுதுங்கள். வெளியே இட்ட பெயர் மாறலாம். உள்ளே எழுதியது கோப்போடு செல்லும்.