வெட்டுப்பல் கால்வாயின் வடிவ வேறுபாடுகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மேல்தாடையின் நடு வெட்டுப்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தின் நடுக்கோட்டில் ஒரு சிறு குழி உள்ளது. அதிலிருந்து மூக்கறையின் தளம்வரை செல்லும் எலும்புவழியே வெட்டுப்பல் கால்வாய் எனப்படும். நாசி அண்ண நரம்பும் இரத்தக்குழாய்களும் இதன் வழியாகச் செல்கின்றன. வளர்ந்தோரிடத்து இக்கால்வாய் ஒரே வடிவில் அமைவதில்லை. இவ்வேறுபாடு அறியப்பட்ட வரலாற்றையும் அதன் மருத்துவப் பயனையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தொடக்ககால விளக்கங்கள்

இக்கால்வாயின் பக்கத்துளைகள் டென்மார்க்கின் நிக்கோலஸ் ஸ்டெனோவின் (1638–1686) பெயராலும், நடுக்கோட்டுத் துளைகள் இத்தாலியின் அந்தோனியோ ஸ்கார்பாவின் (1752–1832) பெயராலும் வழங்குகின்றன. ஸ்கார்பா 1785இல் நாசி அண்ண நரம்பை விளக்கினார். அவர் பெயர்பெற்ற துளைகள் சிலரிடம் மட்டுமே காணப்படுகின்றன. எனவே வேறுபாடு என்பது கலைச்சொல்லிலேயே பதிந்துள்ளது எனலாம். ஆயினும் பாடநூல்கள் நெடுங்காலம் ஒரு மாதிரி வடிவத்தையே முதன்மைப்படுத்தின.

கிளைபிரியும் அமைப்பு

அண்ணத்தில் ஒரு வாயாகத் தொடங்கி, நாசித் தளத்தில் இரு வாய்களாகத் திறப்பது பரவலாக விளக்கப்படும் அமைப்பாகும். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிவதை இதற்கு ஒப்பிடலாம். ஆனால் ஒப்புமை வடிவத்தளவினதே. முக்கொம்பின் நீர்ப்பிரிவை 1836இல் கட்டப்பட்ட மேலணை நெறிப்படுத்தியது. எலும்புக் கால்வாயின் பிரிவோ ஆளுக்கு ஆள் மாறுகிறது. சிலரிடம் அது பிரியாத ஒற்றை வழி. சிலரிடம் இரு இணைவழிகள். நாசித் தளத்தில் இரண்டுக்கு மேற்பட்ட வாய்களும் உண்டு. பக்கவாட்டுத் தோற்றத்தில் உருளை, புனல், மணற்கடிகை, வாழைப்பழம் போன்ற வடிவங்கள் பதிவாகியுள்ளன.

கதிர்ப்படமும் நோயறிதலும்

1895இல் ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தபின், உயிருள்ளோரிடத்தும் இக்கால்வாயைக் காண இயன்றது. அதனுடன் ஒரு சிக்கலும் எழுந்தது. 1914இல் மேயர் இப்பகுதியின் நீர்க்கட்டியை விளக்கினார். படத்தில் கருநிழலாகத் தெரிவது நீர்க்கட்டியா, இயல்பாகவே அகன்ற கால்வாயா என்பதை வரையறுக்க வேண்டியதாயிற்று. நோய்க்குறி இல்லாதவிடத்து 6 மி.மீ. வரையுள்ள அகலத்தை இயல்பெனக் கொள்ளலாம் என 1938இல் ரோப்பர் ஹால் கருதினார். இவ்வளவு இன்றும் வழிகாட்டியாக எடுத்தாளப்படுகிறது. தேவையற்ற அறுவையைத் தவிர்க்க அது உதவுகிறது.

எனினும் தட்டைப்படம் முன்பின் ஆழத்தைக் காட்டாது. 1990களின் பிற்பகுதியில் பல் மருத்துவத்திற்கு வந்த கூம்புக்கற்றைக் கணினி வரைவு இக்குறையைப் போக்கியது. நடு வெட்டுப்பல்லின் இடத்தில் செயற்கைப் பல்வேர் பதிப்போர்க்கு இது இன்றியமையாதது. பல் இழந்தபின் எலும்பு தேய்வதால் கால்வாய்க்கும் பதிவேருக்கும் இடையேயுள்ள வெளி குறைகிறது. பதிவேர் கால்வாயைத் துளைப்பின் அண்ண முன்பகுதியில் உணர்விழப்பு நேரலாம்; பதிவேர் எலும்போடு பிணையாமலும் போகலாம்.

தமிழ்க் கலைச்சொல் நோக்கில்

யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) முன்னெடுத்த மருத்துவத் தமிழ்ப்பணியின் பயனாக 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ வெளிவந்தது. உறுப்புகளுக்குத் தமிழில் பெயரிடும் மரபை அப்பணி வலுப்படுத்தியது. உறுப்பின் பெயரோடு அதன் வேறுபாடுகளுக்கும் பெயர் அமைப்பது அம்மரபின் அடுத்த படியாகும்.

முடிவுரை

வெட்டுப்பல் கால்வாயில் இயல்பு என்பது ஒற்றை வடிவமன்று, ஒரு வீச்சு. எலும்பாய்வு தொடங்கிக் கணினி வரைவு வரையிலான வரலாறு இதனையே தெளிவுறுத்துகிறது. மாதிரி வடிவத்தை மட்டும் கற்பிக்கும் பாடநூல், மாணவருக்கு இயல்பையே நோயெனக் காட்டிவிடக்கூடும். ஆகவே தமிழ்ப் பாடநூல்களும் கலைச்சொல் அகராதிகளும் இவ்வேறுபாடுகளை இடம்பெறச் செய்தல் வேண்டும்.