கீழே ஓடும் எழுத்து

தமிழ்ப் படத்துக்குக் கீழே மலாய் எழுத்து ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அது மொழி தெரியாதவர்களுக்கான எழுத்து. காது கேளாதவர்களுக்கான எழுத்து இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்: பேசுவது யார், கதவு தட்டப்படுகிறதா, இசை எப்போது நின்றது. அதன் வரலாற்றைத் தேடியபோது எனக்கு முதலில் கிடைத்தது ஓர் ஆச்சரியம். தொடக்கத்தில் சினிமா அவர்களுடையதாகவும்தான் இருந்திருக்கிறது.

மௌனப்படங்களில் வசனம் எழுத்து அட்டையாகத் திரையில் வந்தது, எல்லாரும் படித்தார்கள். 1927இல் 'த ஜாஸ் சிங்கர்' வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் பேசும்படம் பரவ, அட்டைகள் போயின. மௌனப்படங்களில் நடித்துக்கொண்டிருந்த எமர்சன் ரொமேரோ கியூபாவில் பிறந்தவர், காது கேளாதவர். அவருக்கு நடிப்பும் போயிற்று, படம் பார்ப்பதும் போயிற்று. 1947இல் அவரே படச்சுருள்களை வெட்டி, காட்சிகளுக்கு நடுவே எழுத்தை ஒட்டி, காது கேளாதோர் மன்றங்களுக்கு அனுப்பத் தொடங்கினார்.

தொலைக்காட்சியிலும் இதே கதைதான். 1972இல் பாஸ்டன் நகர நிலையம் ஒன்று ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை எழுத்தோடு ஒளிபரப்பியது. 1980இல், படம் எதுவும் இல்லாமல் சும்மா போய்க்கொண்டிருந்த 21ஆம் வரியில் எழுத்தை ஒளித்து அனுப்பினார்கள். அதைத் திரையில் பார்க்கத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். 1990இல் அமெரிக்கா சட்டம் போட்ட பிறகே, 1993 முதல், அந்த வசதி தொலைக்காட்சிக்கு உள்ளேயே வந்தது.

இணையக் காணொளி வந்ததும் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பம். யூடியூப் தொடங்கியது 2005இல். பேச்சைத் தானே எழுத்தாக்கும் வசதி வந்தது 2009இல், அதுவும் ஆங்கிலத்துக்கு மட்டும். அதற்காக உழைத்த கூகிள் பொறியாளர் கென் ஹாரன்ஸ்டீன் காது கேளாதவர்.

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கதைதான் என்னைத் தடுமாற வைத்தது. அவர்களுடைய இலவச விரிவுரைகளில் பலவற்றுக்குச் சரியான எழுத்து இல்லை என்று, காது கேளாதோருக்கான கலாடெட் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த இருவர் புகார் கொடுத்தார்கள். அமெரிக்க நீதித்துறை 2016இல் கடிதம் அனுப்பியது. 2017இல் பெர்க்லி 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்குப் புகார் கொடுத்தவர்கள் மேல்தான் கோபம் வந்தது. அந்த மாதிரி இலவச விரிவுரைகளைப் பார்த்துப் பரீட்சை எழுதியவன் நான். சும்மா கிடைத்ததையும் கெடுத்துட்டாங்களே!

ரொமேரோவைப் படித்த பிறகு அந்தக் கோபம் நிற்கவில்லை. அந்த இருவர் கேட்டது எழுத்தை; பதிவுகளை எடுக்கச் சொல்லவில்லை. எனக்கு அன்று மூடிய கதவு, அவர்களுக்கு முதல் நாளிலிருந்தே மூடித்தான் இருந்தது.

வேலையிடக் கூட்டங்களில் "அடுத்த வெர்ஷன்ல பார்த்துக்கலாம்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். அடுத்த வெர்ஷன் வரும்வரை யார் வெளியே நிற்கிறார்கள் என்று அப்போது கேட்டதில்லை.