மாத்தளை மிளகு: மூங்கிலும் கண்ணாடிக் குடுவையும்

இலங்கையின் மாத்தளை வீட்டுத்தோட்டங்களில் மிளகு, மரங்களில் படரும் பயிர். விதையிலிருந்து வரும் கன்று தாய்க்கொடியின் குணத்தைக் காட்டும் என்ற உறுதியில்லை. ஆகவே தண்டுத்துண்டம் நட்டே பெருக்கினார்கள். 1972இல் சிறு ஏற்றுமதிப் பயிர்களுக்கெனத் திணைக்களம் அமைந்தது. அதன் மத்திய ஆராய்ச்சி நிலையம் மாத்தளையில் இருக்கிறது. ஆனால் நல்ல கொடிகளுக்குத் தேவை பெரிது, கிடைத்த துண்டங்களோ கொஞ்சம்.

1978இல் இலங்கையிலிருந்து வெளிவந்த முறையொன்று இந்தப் பற்றாக்குறைக்கு வழிசெய்தது. பிளந்த மூங்கிலைச் சாய்த்து நிறுத்தி, தும்புத்தூளும் எருவும் நிரப்பி, அடியில் வேர்விட்ட கன்றை நடுவார்கள். கொடி ஏற ஏறக் கணுதோறும் மூங்கிலுக்குள் வேரூன்றும். உச்சியை எட்டியதும் நுனியைக் கிள்ளி, அடித்தண்டை நசுக்கிவிட்டால் உறங்கும் மொட்டுகள் விழிக்கும். சுமார் 10 நாளில் கணுவுக்கொரு கன்றாக வெட்டிப் பையில் நடலாம். ஆண்டில் ஒரு கன்று ஏறத்தாழ 40 ஆகும். இந்தியாவும் இதைச் சற்று மாற்றி எடுத்துக்கொண்டது.

இன்னொரு வழி, கண்ணாடிக் குடுவையில் இழையத்துண்டிலிருந்து கன்று பெருக்கும் இழைய வளர்ப்பு. அதற்கு 1962இல் ஆய்வாளர்கள் முராஷிகேயும் ஸ்கூக்கும் வகுத்த ஊட்டக் கலவை அடித்தளமானது. வாழையும் வனிலாவும் குடுவையில் நன்றாகவே பெருகின. மிளகுதான் முரண்டுபிடித்தது. வெட்டுவாயில் கசியும் பீனோல் இழையத்தைக் கறுக்கவைக்கும். மேற்புறத்தை எவ்வளவு கழுவினாலும் தண்டினுள் வாழும் பற்றீரியா பிறகு தலைகாட்டும். குளிரூட்டிய அறையும் கிருமிநீக்கமும் கேட்கும் செலவு வேறு. சிறு நாற்றுமேடைக்காரருக்கு மூங்கிலே கட்டுப்படியாகும்.